தளர்த்தற்க!

தமிழில் எதனையும் சொல்ல முடியும். சொல்லத் தெரியாதவரே மொழியின்மேற் குறை கூறுவர் என்று வகுப்பறையிற் பல்லாண்டுகளாகக் கூறிவருபவன் நான். அக்கூற்றில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆயினும், சொல்லத் தெரியாதவர் வரிசையிற் பண்டிதனாகிய நானும் நிற்கிறேன் என்பதனைச் சென்ற மாதம் என் வீட்டு முற்றத்தில் உணர்ந்தேன். அதனை நேயர்களிடம் ஒளியாது சொல்லிவிடுதலே நன்று.

மஸ்கெலியாவில் வாழ்வோர்க்கு ஜீப் வண்டி ஆடம்பரமன்று. மவுசாகலை நீர்த்தேக்கத்தையொட்டி வளையும் வீதியையும், அதற்கு மேலே ஏறும் தோட்டப் பாதைகளையும், நள்ளிரவில் நோயாளியை ஏற்றிச் செல்லும் தேவையையும் அறிந்தவர் இதனை ஒப்புவர். வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பெற்று, தனியார் கார்களுக்கு 2025இலேயே மீண்டும் திறக்கப்பெற்றமையால், பழைய வண்டியைப் பேணி ஓட்டும் பழக்கம் நாடெங்கும் வேரூன்றிவிட்டது. எங்கள் வண்டியும் அவ்வாறு முதுமை எய்தியதே.

அதன் முன்சக்கரம் ஒன்றின் சொக் அப்சோபரிலிருந்து எண்ணெய் ஒழுகத் தொடங்கிற்று. பள்ளத்தைக் கடந்த பின்னும் வண்டி ஆடிக்கொண்டிருக்கும். பிரேக்கை மிதித்தால் முன்புறம் தாழும். மக்பர்சன் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த 'ஸ்ட்ரட்' அமைப்பு அது. 1950இல் வெளிவந்த பிரித்தானிய ஃபோர்ட் கார்களாகிய கான்சலும் செஃபிரும் அதனைப் பரப்பின. எண்ணெய் நிறைந்த குழாயும், அதனைச் சூழ்ந்த சுருள்வில்லும் ஒரே தொகுதியாய்ச் சக்கரத்துக்கு மேலே நிற்கும். வில் துள்ளும், எண்ணெய் அத்துள்ளலை அடக்கும். எண்ணெய் ஒழுகிவிடின் அடக்குவார் இல்லை.

வீட்டிலேயே இரு பக்கத்துக்கும் புதியன பொருத்துவதென்று என் மகன் முடிவு செய்தான். ஒன்று கெடினும் இரண்டையும் மாற்றுதலே முறை. கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. அதனைத் தமிழில் எழுதித் தருமாறு வேண்டினான். மகிழ்வோடு எழுதினேன். அதில் வந்த ஓர் எச்சரிக்கையையும், அதனை அடுத்த வரியையும் இவ்வாறு ஆக்கியிருந்தேன்: "சுருள்வில் அடக்கப்படாவிடத்து நடுச்சுரையைத் தளர்த்தற்க. 19ஆம் எண் திருகுசாவி கொள்க."

பிழையற்ற தமிழ் என்று எண்ணி இறுமாந்தேன்.

வண்டியை உயர்த்தி, தாங்கிகளின்மேல் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றியாயிற்று. முன்மூடியைத் திறந்தால், ஸ்ட்ரட்டின் தலையிற் சுற்றிலும் மூன்று சிறிய நட்டுகளும் நடுவே ஒரு பெரிய நட்டும் தெரியும். தொகுதியை வண்டியோடு பிணைப்பவை சிறியவை; அழுந்தி நிற்கும் வில்லைச் சிறைப்படுத்தி வைத்திருப்பது நடுவிலுள்ளது. மகன் ஸ்பானரை நடு நட்டிலே மாட்டினான். அருகில் நின்ற எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"கை வைக்காத தம்பி! நடு நட்ட தொடாத! உள்ள ஸ்பிரிங் அமுங்கி நிக்குது!"

வேலிக்கு அப்பாலிருந்து கூவியவர், அயலிற் கராஜ் நடத்தும் என் பழைய மாணவர். தமிழ்ப் பாடத்தில் நான் பலமுறை குறைத்துப் புள்ளி இட்டவர். மகனின் கை நின்றது. சக்கரம் தரையை விட்டு உயர்ந்த பின்னும் வில்லின் இறுக்கம் தீர்வதில்லை. நட்டு கழன்றிருந்தால் அது பாய்ந்து கையையோ முகத்தையோ சிதைத்திருக்கும் என்று அவர் விளக்கியபோது எனக்கு உடல் நடுங்கிற்று.

மகனிடம் தாளைக் காட்டிக் கேட்டேன். "அடக்கப்படாவிடத்து" என்பதை, வில் அடக்கப்படாத இடம் என்று கொண்டிருக்கிறான். "தளர்த்தற்க" என்பதைத் "தளர்த்தற்கு" என வாசித்து, தளர்த்துவதற்கு 19ஆம் எண் சாவி வேண்டும் என அடுத்த வரியோடு முடித்திருக்கிறான். ஓர் உகரம் உண்டு என்று கொண்டான், தடை ஏவலாயிற்று. குற்றம் அவனதன்று. உயிரைக் காக்க வேண்டிய இடத்தில் என் புலமையைக் காட்டிய குற்றம் என்னுடையது.

தொழில்நூல்களைத் தமிழிலாக்க முற்படும் நம்மவர்க்கு இதனால் இரண்டு சொல்வேன். கையாற் பணி செய்வார் வழங்கும் சொல்லையே முதலிற் கொள்க. சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்துப் பிறபுலச் சொற்கும் இடம் தந்தது தொல்காப்பியம். அம்மரபினர் நட்டுக்கும் ஸ்பிரிங்குக்கும் அஞ்சுவானேன்? அடுத்து, தமிழில் வினை இறுதியில் வருவது. மறுப்பும் அதனோடு இறுதியிலேயே வரும். வாக்கியம் முடியுமுன் கை முந்திவிடலாம். ஆகலின் எச்சரிக்கையில் 'தொடாதே' என்பது முன்னே நிற்க வேண்டும். கூவியவர் எவ்விலக்கணமும் பாராது அப்படியே கூவினார். கலைச்சொற்றொகுதிகள் நமக்குப் பெயர்ச்சொற்களைத் தந்தன. ஆபத்தோ பெரும்பாலும் வினைச்சொல்லில் இருக்கிறது.

இது மொழியைத் தாழ்த்துதல் ஆகாதா எனச் சிலர் வினவுவர். ஆகாது. 'அற்க' என்னும் ஈற்றை வகுப்பிற் கற்பிப்பதை நான் விடேன். அதற்குரிய இடம் இலக்கியம். பூச்சிகொல்லிப் போத்தலின் மேலும், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தின் அருகிலும் ஒட்டும் தாள் அதற்குரிய இடமன்று.

அன்று மாலை மாணவர் தொகுதியைக் கழற்றித் தம் கராஜுக்குக் கொண்டு சென்றார். வில்லின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு கிளாம்புகளை மாட்டி, மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, வில் இருக்கையை விட்டு விலகிய பின்னரே நடு நட்டைக் கழற்றினார். அக்கருவியும் பழக்கமும் இல்லாதார், வில்லோடு பொருத்தி விற்கும் முழுத்தொகுதியை வாங்குதல் அல்லது இவ்வொரு வேலையைக் கராஜுக்கு விடுதல் அறிவுடைமை.

என் தாளை மீண்டும் எழுதினேன்: "தொடாதே! நடு நட்டு! ஸ்பிரிங்கை இருபுறமும் அமுக்கிக் கட்டிய பிறகே கழற்று." மாணவரிடம் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்து, "அமுக்கிக் கட்டிய" என்பதை வெட்டி, "கிளாம்ப் போட்டு அமுக்கிய" என்று திருத்தினார்.

"கட்டுறதுன்னா கயித்தால கட்டிருவாங்க சேர்" என்றார்.

திருத்தம் சரியே. அவ்வாறே எழுதி ஒட்டியிருக்கிறேன்.