கதவைத் திறந்தது யார்?

2021 ஜூன். நாடே முடங்கிக் கிடந்த நேரம். இரவு நிகழ்ச்சியில் நேயர்களின் அழைப்புகளை எடுத்துக்கொண்டிருந்தேன். பாட்டுக் கேட்க வந்தவர் என்று நினைத்து ஓர் அம்மாவிடம் பேசினேன். அவருடைய கணவரைக் கோவிட் என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். போய்ப் பார்க்க அனுமதி இல்லை.

“தம்பி, கடைக்குப் போயிட்டு வந்தது நான்தான். சோப்புப் போட்டுக் கை கழுவினேன், குளிச்சேன், கதவைக்கூடத் துடைச்சேன். அப்புறம் எப்படிய்யா அது உள்ள வந்துச்சி?”

பேசிப் பிழைக்கிறவன் நான். அன்று பேச்சு வரவில்லை. “தைரியமா இருங்கம்மா” என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டேன். அவருடைய கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஊடகத்துறை படித்தவனுக்கு உயிரியல் கொஞ்சம் தூரம்தான். இருந்தாலும் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் தனித்தனியாகவே நிற்கும். கரண்டியால் நெருக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். நம் உயிரணுவைச் சுற்றி இருப்பது ஒரு கொழுப்புப் படலம். கொரோனா கிருமியின் மேலுறையும் கொழுப்புப் படலம்தான். முன்பு புகுந்திருந்த உயிரணுவிலிருந்து அது எடுத்துக்கொண்டு வந்த உறை அது. சோப்பு சிதைப்பது இந்த உறையைத்தான். ஆகவே அந்த அம்மா கை கழுவியது வீண் போகவில்லை.

இரண்டு படலங்களும் கலந்துவிட்டால் கிருமி உள்ளே வந்துவிடும். ஆனால், கரண்டியாக நின்று நெருக்குவது யார்?

படங்களில் கிருமியின் மேல் முள் முள்ளாக நிற்குமே, அந்த முள்புரதம்தான். அதை வில்லை இழுத்து மாட்டி வைத்த எலிப்பொறி என்று நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் முள்ளின் நுனி, நம் உயிரணுவின் மேல் இருக்கும் ஏசிஇ-2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவும் நல்ல புரதம் அது. அடுத்து, நம் உடம்பிலேயே உள்ள நொதி ஒன்று கத்தரிக்கோலைப் போல முள்ளை வெட்டுகிறது. அது பகையாளி என்று நொதிக்குத் தெரியாது. பொறி விடுபடுகிறது.

நுனிப்பகுதி கழன்றுபோக, உள்ளே மறைந்திருந்த பகுதி ஈட்டியாக நீண்டு உயிரணுவின் படலத்தில் குத்துகிறது. இப்போது ஒரு முனை கிருமியில், மறுமுனை நம்மிடம். பிறகு அந்த ஈட்டி மடக்குக் கத்தி மாதிரி மடங்கி, இரண்டு படலங்களையும் இழுத்து நெருக்குகிறது. துளிகள் கலக்கின்றன, ஒரு துளை உண்டாகிறது. ஏறக்குறைய 30,000 எழுத்துகள் கொண்ட கிருமியின் மரபுச் செய்தி அதன் வழியாக உள்ளே போகிறது.

இந்தப் பொறி ஒரே ஒரு முறைதான் அடிக்கும். நம் எதிர்ப்பாற்றலுக்கு அடையாளம் காட்ட வேண்டியது அடித்து முடித்த பொறியை அல்ல, அடிக்கக் காத்திருக்கும் பொறியை. சிக்கல் என்னவென்றால், முள்ளைத் தனியாக எடுத்தால் அது தானாகவே அடித்துவிடும். கோவிட்டின் உறவுக்காரனான மெர்ஸ் கிருமியை ஆராய்ந்த பேர்னி கிரஹாம், ஜேசன் மெக்லெல்லன் முதலியோர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மடங்கும் இடத்தில் இரண்டு அமினோ அமிலங்களை மட்டும் எடுத்துவிட்டு, விறைப்பான புரோலினை வைத்தார்கள். பொறி அப்படியே நின்றுவிட்டது. அந்த ஆய்வு வெளிவந்தது 2017இல். அப்போது கோவிட் என்ற பெயரே கிடையாது.

கோவிட் முள்ளின் ஒவ்வோர் இழையிலும் 1,273 அமினோ அமிலங்கள். அவற்றில் 986, 987 ஆகிய இரண்டை மட்டும் அப்படி மாற்றிய வடிவத்தைத்தான் ஃபைசர், மோடர்னா ஊசிகள் நம் உடம்புக்குப் பாடமாகக் காட்டின.

அந்த அம்மா மறுபடி அழைக்கவில்லை. ஒருவேளை இந்தப் பக்கத்தைப் படித்தால்: அம்மா, அது பெரும்பாலும் மூச்சுக்காற்றோடு வருவது. நீங்கள் துடைத்த கதவு வேறு, அது நுழைந்த கதவு வேறு. அந்தக் கதவின் கைப்பிடியும் கத்தரிக்கோலும் எல்லார் உடம்பிலும் இருப்பவை. உங்கள் மேல் தப்பு இல்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை, பாட்டுப் போட்டுவிட்டேன்.