விலை குறையவில்லை, இழை குறைந்தது!

மில்லில் வேலை செய்யும் ஒரு தோழரிடம் துணி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். விரல் நுனியால் தடவுவார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். “பாவில் இழை குறைவு, கஞ்சி அதிகம்” என்று சொல்லிவிடுவார். வயலில் பாடுபடும் ஒரு தோழரிடம் மரக்கால் நெல்லைக் காட்டுங்கள். ஒரு பிடி அள்ளியதுமே மணி எவ்வளவு, கருக்காய் எவ்வளவு என்று கண்டுகொள்வார். தங்கள் தொழிலில் அவர்களை ஏய்த்துவிட முடியாது. அளவு அவர்கள் கையிலேயே இருக்கிறது.

அதே தோழர்கள் வேலை முடிந்து வீடு திரும்பி, டெலிவிஷன் முன்னால் உட்காருகிறார்கள். மாதாமாதம் பணம் கட்டி வாங்குகிற அந்தப் படத்தில் இழை எத்தனை என்று அவர்களால் சொல்ல முடியுமா? முடியாது. முடியாது என்பது விற்கிறவனுக்கும் தெரியும். வியாபாரத்தின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

இது வெறும் சந்தேகமல்ல. அமெரிக்காவில் இந்தச் சங்கதி கோர்ட்டுப் படியேறி, ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. “எங்கோ அமெரிக்காக்காரன் கதைதானே, நமக்கென்ன?” என்று தள்ளிவிட வேண்டாம். வீட்டுக்கு வீடு கூரைமீது தட்டு முளைத்துவிட்ட இந்நாளில், அங்கே விற்ற சரக்கும் இங்கே விற்கும் சரக்கும் ஒரே ஜாதிச் சரக்குதான்.

படமும் ஒரு துணிதான்

“எச்.டி.” என்று தனி விலை போட்டு விற்கிறார்களே, அது என்ன? படம் என்பது புள்ளிகளால் நெய்த துணி. எச்.டி.யில் உயர்ந்த தரமாக விற்கப்பட்டது, அகலவாக்கில் 1,920 புள்ளிகளும் உயரவாக்கில் 1,080 வரிகளும் கொண்டது. நெசவாளி கணக்கில் சொன்னால், பாவில் 1,920 இழை, ஊடையில் 1,080 இழை. பெருக்கிப் பார்த்தால் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள்.

1,280 புள்ளியும் 720 வரியும் கொண்ட வேறொரு தரமும் உண்டு. அதில் இழை குறைவு. ஆனால் வினாடிக்கு வரும் முழுப் படங்கள் அதிகம். அது வேறு ரகம். அதை அந்த ரகம் என்று சொல்லி விற்றால் தப்பில்லை.

நடந்தது அப்படியல்ல. 1994-ல் தொழில் தொடங்கி, 2005 வாக்கில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிச் சந்தாதாரர்களைப் பிடித்து வைத்திருந்தது டைரக்டிவி என்ற கம்பெனி. 2003 டிசம்பரில் ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் அதன் கடிவாளத்தைக் கைப்பற்றியது. அந்தக் கம்பெனி எச்.டி. சானல்களைத் தனித் தொகுப்பாகக் கட்டி, மாதம் 10.99 டாலர் கூடுதல் விலை வைத்தது. சந்தாதாரர்களில் தொழில்நுட்பம் அறிந்த சிலர், வானத்திலிருந்து வரும் சரக்கைத் தாங்களே பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். பல சானல்களில் 1,920 இருக்கவேண்டிய இடத்தில் 1,280 தான் இருந்தது. வரி 1,080, புள்ளி 1,280. மேலே சொன்ன இரண்டு தரத்திலும் சேராத மூன்றாவது சரக்கு இது!

அதாவது, பாவில் 640 இழைகளை உருவி எடுத்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிச்சத்தைப் பழைய அகலத்துக்கே இழுத்து விரித்தது சந்தாதாரர் வீட்டுப் பெட்டி. பார்வைக்குத் திரை நிறையப் படம் இருக்கும். நெருங்கிப் பார்த்தால் நெசவு தளர்ந்திருக்கும். 20 லட்சத்துச் சொச்சம் புள்ளிக்குப் பணம் கட்டியவருக்கு வந்து சேர்ந்தது 13,82,400. டிஷ் நெட்வொர்க் என்ற போட்டிக் கம்பெனியின் மீதும் இதே புகார் எழுந்தது. ஜனங்கள் இந்தச் சரக்குக்கு “எச்.டி. லைட்” என்று கேலிப் பெயர் சூட்டினார்கள். தண்ணீர்ப் பாலுக்கு நம்மூரில் பெயர் வைப்பதைப் போலத்தான்!

ஒரே வாய்க்கால், பெருகும் வயல்

ஏன் இப்படிச் செய்தார்கள்? காரணத்தைக் காவிரிப் பாசனத் தோழர்களுக்கு அதிகம் விளக்கவேண்டியதில்லை.

செயற்கைக்கோளிலிருந்து தரைக்கு வரும் வழி ஒரு வாய்க்கால் போன்றது. அதில் ஓடக்கூடிய தண்ணீருக்கு ஓர் எல்லை உண்டு. ஒவ்வொரு சானலும் ஒரு வயல். பத்து வயலுக்குப் போதுமான தண்ணீரில் இருபது வயலுக்குப் பட்டா கொடுத்தால் என்ன ஆகும்? கடைமடை காயும். எச்.டி. சானல் தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிர். அமெரிக்காவில் தரையிலிருந்து ஒலிபரப்பும் நிலையத்துக்கு ஒதுக்கப்பட்ட ஒரு சானல் வழியில் வினாடிக்கு ஏறத்தாழ 194 லட்சம் துணுக்குச் செய்தி ஓட முடியும். எச்.டி. படத்துக்கு அவ்வளவு தாராளம் காட்டினால், செயற்கைக்கோள் வாய்க்காலில் சானல்களை அடுக்க முடியாது.

ஆனால் விளம்பரத்தில் எடுபடுவது எண்ணிக்கைதான். “எங்களிடம் இத்தனை சானல்!” என்று ஒரு கம்பெனி முரசடித்தால், “எங்களிடம் அதற்கு மேல்!” என்று அடுத்த கம்பெனி முரசடிக்கிறது. புதுச் செயற்கைக்கோள் ஏவக் கோடிக்கணக்கில் டாலர் வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். இருக்கிற சானல்களின் தண்ணீரைத் திருப்பிவிட்டால் காசு செலவில்லை, இன்றைக்கே முடியும். முதலாளி எந்த வழியைத் தேர்ந்தெடுப்பான் என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டுமா?

தண்ணீர் குறைந்த வயலை எப்படி அடையாளம் காண்பது? ஆடாமல் அசையாமல் ஒருவர் உட்கார்ந்து செய்தி படிக்கும்போது குறை தெரியாது. பந்தாட்டம் நடக்கட்டும்; அலை அடிக்கட்டும்; புகை எழும்பட்டும்; கூட்டம் ஆரவாரித்து எழட்டும். அப்போது படம் சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து சிதறும். கஞ்சி போட்டு விறைப்பாக்கிய துணி முதல் சலவையிலேயே சாயம் வெளுத்துப் பல்லிளிப்பதைப் போல!

சாக்குப்போக்குகள்

கம்பெனிக்காரன் தரப்பிலும் சொல்ல ஒன்றுமில்லையா? இருக்கிறது, அதையும் கேட்போம்.

“அந்நாளில் விற்ற டெலிவிஷன் பெட்டிகளில் பலவற்றுக்கு 1,920 புள்ளியைக் காட்டும் திராணியே இல்லை; பின் யாருக்கு நஷ்டம்?” என்று கேட்கலாம். பெட்டிகளைப் பற்றிச் சொல்வது உண்மைதான். ஆனால், வாங்குகிறவன் பாத்திரம் சிறியது என்பதற்காகப் படியைக் குறைத்து அளக்கலாமா? நாளைக்கு அவன் பெரிய பாத்திரம் வாங்கி வருவான். அன்றைக்கு யார் பதில் சொல்வது?

“புதிய சுருக்கு முறைகள் வந்துவிட்டன, குறைந்த துணுக்குகளிலேயே நல்ல படம் தரலாம்” என்றும் சொல்லலாம். இதுவும் உண்மை. விஞ்ஞானத்தின் முன்னேற்றத்தை நாம் எதிர்க்கவில்லை. ஒரு படி நெல்லை இன்னும் சிறிய மூட்டையில் கட்ட வழி கண்டுபிடித்தால் நல்லதுதான். மூட்டையை அவிழ்த்தால் ஒரு படி இருக்கவேண்டும். டைரக்டிவி 2005 கடைசியில் புதிய சுருக்கு முறைக்கு மாறத் தொடங்கிற்று, 2007 ஜூலையில் பைக்கோனூரிலிருந்து புதுச் செயற்கைக்கோளையும் ஏவிற்று, வாய்க்கால் அகன்றது. ஆனால் அந்தத் தண்ணீரை வாங்கச் சந்தாதாரர் புதுத் தட்டும் புதுப் பெட்டியும் மாட்டவேண்டியதாயிற்று.

நம் ஆட்சேபம் சுருக்குவதன்மேல் அல்ல. பழைய பெயர், பழைய விலை, புதிய அளவு. அளவு மாறியதைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. இதன்மேல்தான் ஆட்சேபம்.

தனித்தனியே வா!

இனிக் கோர்ட்டுக் கதைக்கு வருவோம். முக்கியமான பாடம் இங்கேதான் இருக்கிறது.

2004-ல் கலிபோர்னியாவில் ஒரு சந்தாதாரர், தமக்காக மட்டுமின்றி, தம்மைப்போல் எச்.டி.க்குப் பணம் கட்டிய எல்லோருக்காகவும் சேர்த்து வழக்குத் தொடுத்தார். கம்பெனி உடனே ஒப்பந்தத் தாளை நீட்டிற்று. “தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகக் கூடாது, மத்தியஸ்தரிடம்தான் போகவேண்டும், அதுவும் தனித்தனியாகத்தான் வரவேண்டும், கூட்டாக வரக் கூடாது” என்று பொடி எழுத்தில் ஷரத்துப் போட்டிருந்தது. 2006-ல் அப்பீல் கோர்ட்டு அந்த ஷரத்தை ஏற்க மறுத்தது. நல்லது!

ஆனால் 2009-ல் அதே வழக்கு மறுபடி அப்பீலுக்கு வந்தபோது கதவு வேறு விதமாக மூடிற்று. வெளி மாநிலத்துச் சந்தாதாரர்களுக்குக் கலிபோர்னியாச் சட்டம் பொருந்தாமல் போகலாம். ஒவ்வொருவரும் விளம்பரத்தைப் பார்த்து நம்பித்தான் சந்தா கட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது. சிலர் நண்பர் வீட்டில் பார்த்துவிட்டுக்கூட வாங்கியிருக்கலாம். ஆகையால் எல்லோரையும் ஒரே வழக்கில் சேர்க்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. இழை குறைந்ததா, இல்லையா என்ற மூலக் கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் விடை இல்லை. துணியை யாரும் விரித்துப் பார்க்கவே இல்லை!

அதற்குப் பிறகு 2011-ல், வேறொரு கம்பெனி சம்பந்தப்பட்ட வழக்கில், “கூட்டாக வராதே” என்னும் ஷரத்து செல்லும் என்று அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. 2015 டிசம்பரில் இதே டைரக்டிவியின் இன்னொரு வழக்கில், சந்தாவை இடையில் நிறுத்தியவர்களிடம் வசூலித்த கட்டணம் பற்றிய வழக்கில், 6 நீதிபதிகள் கம்பெனி பக்கமும் 3 நீதிபதிகள் எதிர்ப்பக்கமும் நின்றார்கள். தனித்தனியே மத்தியஸ்தரிடம் போ என்பதே முடிவு.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். மாதம் 10.99 டாலருக்காக எவன் தனியே வக்கீல் வைத்து, வேலையை விட்டு அலைவான்? ஒருவனும் அலைய மாட்டான். அந்தக் கணக்குத் தெரிந்துதான் “தனித்தனியே வா” என்று ஷரத்துப் போடுகிறார்கள். ஒருவனிடம் பறிப்பது சொற்பம். லட்சம் பேரிடம் பறிப்பது மலை. மலையை அவன் ஒரே கையால் வாரிக்கொள்ளலாம். நாம் மட்டும் ஒவ்வொரு கூழாங்கல்லுக்கும் ஒவ்வொருவராக நின்று வாதாட வேண்டுமாம்! போனஸ் கேட்கப் போனால் “சங்கமாக வராதே, ஒவ்வொருத்தனாக ஆபீசுக்குள் வா” என்று மானேஜர் சொல்வாரே, அந்தக் குரலை நாம் கேட்டதில்லையா? அதே குரல்தான் இது.

மரக்காலை வெளியே வை!

நம் பாட்டன்மார் காலத்தில் சில பண்ணைகளில் வாங்க ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் என்று வைத்திருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். முத்திரை போட்ட அளவு வந்த பிறகுதான் அந்தச் சூது அடங்கிற்று. நம் நாட்டில் இன்று 2009-ம் வருஷத்து எடையளவுச் சட்டம் இருக்கிறது. பிஸ்கட் பொட்டலத்தில்கூட எத்தனை கிராம் என்று அச்சிட வேண்டும். விலையை ஏற்றாமல் கிராமைக் குறைக்கிற தந்திரம் அங்கேயும் உண்டு. ஆனால் கிராம் எண் வெளியே இருப்பதால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். டெலிவிஷன் படத்துக்கு ஏன் அந்த நியாயம் இல்லை?

ஆகவே கேட்கவேண்டியது இரண்டே விஷயம். முதலாவது, எச்.டி. என்று காசு வாங்குகிற ஒவ்வொரு சானலுக்கும் எத்தனை புள்ளி, எத்தனை வரி, வினாடிக்குக் குறைந்தபட்சம் எத்தனை துணுக்கு என்பதை ரசீதிலும் விளம்பரத்திலும் போடவேண்டும். குறைத்தால் முன்கூட்டிச் சொல்லி விலையையும் குறைக்கவேண்டும். இரண்டாவது, கூட்டாகப் புகார் செய்யும் உரிமையை எந்தப் பொடி எழுத்தும் பறிக்கக் கூடாது.

இரண்டாவது உரிமை நம் சட்டத்திலேயே இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-வது பிரிவுப்படி, ஒரே குறையுள்ள பலருக்காகச் சிலர் சேர்ந்து, மாவட்டக் கமிஷனின் அனுமதி பெற்றுப் புகார் கொடுக்கலாம். இருக்கிற ஆயுதம் துருப்பிடிக்க விடலாமா?

நாள் முழுதும் உழைத்த கண்களுக்குக் கிடைக்கும் ஒரு மணி நேர ஓய்வு அது. அதற்குக் கொடுக்கிற காசு வியர்வைக் காசு. பாவில் ஓர் இழை குறைந்தால் நெய்தவனுக்குக் கூலியைப் பிடிக்கிற உலகம் இது. 640 இழையை உருவியவனிடம் கணக்குக் கேட்டால் என்ன தப்பு?

கேட்போம், சேர்ந்தே கேட்போம்!