வரி பாக்கிக்குப் பயந்து பொய்க் கணக்கு எழுதாதீர்கள்

மதுரையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்துகொடுப்பது என் தொழில். ஜூலை பிறந்தால் சம்பளக்காரர்கள் சிலர் பேயறைந்ததுபோல் வந்து உட்காருவார்கள். பகலில் கம்பெனி வேலை, ராத்திரியில் தனி வேலை என்று ஓடியவர்கள். "கம்பெனியில பத்து பைசா வரி பிடிக்கல சார். இப்ப எங்கிருந்து வந்துச்சு தொண்ணூறாயிரம்?" என்பார்கள்.

2025-26 கணக்கையே பார்ப்போம். கட்டுமான நிறுவனப் பொறியாளர் ஒருவருக்கு நிலையான கழிவு போகச் சம்பளம் 11 லட்சம். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். ஓய்வு நேரத்தில் வீட்டு வரைபடம் போட்டுக்கொடுத்து 6 லட்சம் வாங்குகிறார். பொறியாளர்கள் இத்தகைய வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். செலவுக் கணக்கு வேண்டாம். ஆனால் அந்த 3 லட்சம் சேர்ந்ததும் வருமானம் 14 லட்சமாகிறது, தள்ளுபடி பறிபோகிறது. வரி 90,000, செஸ் சேர்த்து 93,600 ரூபாய். சொந்தமாக வீடு கட்டுகிறவர் டி.டி.எஸ். பிடித்திருக்க மாட்டார். முழுத் தொகையும் இவர் தலையில்.

மார்ச் 15-க்குள் முன்கூட்டிய வரியாக இதைக் கட்டியிருக்க வேண்டும். ஜூலையில் கட்டினால் மாதம் 1 சதவீதக் கணக்கில் 4,680 ரூபாய் வட்டி. வலிக்கும்தான், குடி முழுகிவிடாது.

குடியைக் கெடுப்பது அதற்கடுத்த காரியம். "கட்டவே வேணாம், ரீஃபண்டே வாங்கித் தரேன்" என்று ஒருவர் கிளம்புவார். கொடுக்காத வாடகைக்கு ரசீது, போடாத நன்கொடைக்குச் சான்று. இப்படிப் போலிக் கழிவு கோரியவர்களையும் அதற்குத் துணைபோன இடைத்தரகர்களையும் குறிவைத்து 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடு முழுவதும் சோதனை நடத்தியது. பொய்த் தகவல் என்று உறுதியானால், மறைத்த வரியைப் போல இரு மடங்கு அபராதம். இடைத்தரகர் தன் கமிஷனோடு போய்விடுவார். நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கையில் இருப்பதை இன்றே இணையத்தில் கட்டுங்கள். ஒரே தவணையில்தான் கட்ட வேண்டும் என்றில்லை. மீதிக்குக் கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள். அந்த வட்டிக்கு முன்னால் அரசாங்க வட்டி எவ்வளவோ மேல். துறையிலிருந்து கேட்பு நோட்டீஸ் வந்த பிறகும் முடியாவிட்டால், கெடுவுக்குள் மதிப்பீட்டு அதிகாரியிடம் தவணை கேட்டு எழுதலாம். கொடுப்பது அவர் முடிவு. கேட்பதில் வெட்கமில்லை.

இந்த ஆண்டுக்கு வழி இரண்டு. பிற வருமானத்தை நிறுவனத்திடம் சொன்னால் சம்பளத்திலேயே சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். "ஆபீசுக்குத் தெரிஞ்சா வம்பு" என்பவர்கள் மார்ச்சுக்குள் தாங்களே கட்டிவிடலாம். அந்தப் பொறியாளர் ஒவ்வொரு வரவிலும் ஆறில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டிருந்தால் 1 லட்சம் சேர்ந்திருக்கும். வரி போக 6,400 ரூபாய் மிச்சமும் இருந்திருக்கும்.