சிரிப்புக்குரிய தலைப்பும் சினத்துக்குரிய தலைப்பும்

பத்திரிகைத் தலைப்புகளின் தவறுகளை வானொலியில் வாசித்துச் சிரிக்கும் வழக்கம் பிரித்தானியாவில் வேரூன்றியதொன்று. பி.பி.சி.யின் நான்காம் வானொலியில் 1977ஆம் ஆண்டு தொடங்கிய 'நியூஸ் குவிஸ்' என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியில், நேயர்கள் அனுப்பிய பத்திரிகை நறுக்குகள் இடையிடையே வாசிக்கப்பட்டு வந்தன. அவையோர் வாய்விட்டுச் சிரித்தனர்.

அமெரிக்காவிலும் இச்சுவை உண்டு. கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பத்திரிகையியல் ஏடு 1980இல் இத்தகைய தலைப்புகளை நூலாகவே தொகுத்தது. நூலின் பெயரும் அவற்றுள் ஒன்றே. நாய்க்கடிக்கு ஆளானவருக்கு மீட்புக்குழு உதவியது என்பது எழுதியவர் கருத்து. ஆளைக் கடிக்க நாய்க்கு மீட்புக்குழு உதவியது என்றும் அவ்வாங்கிலத் தொடர் பொருள்படும். தமிழில் வேற்றுமையுருபு செய்யும் காவலை ஆங்கிலத்தில் சிறுசொற்களே செய்கின்றன. பத்தியின் அகலம் போதாதபோது முதலில் வெட்டுண்பவை அவையே.

இச்சிரிப்பு பத்திரிகைகளைத் திருத்தும் சாட்டை என்பாருளர். நாம் உடன்படோம். சாட்டை யார் முதுகில் விழுகிறது? குறித்த நேரத்துள், குறித்த அகலத்துள் சொற்களை அடக்கப் போராடும் துணையாசிரியன் முதுகில். அவன் கூலியுழைப்பாளி. செலவைக் குறைக்கவென அத்தகையோரை வேலைநீக்கிய முதலாளியின் பெயர் சிரிப்பினிடையே கேட்பதில்லை.

இனி, எவரும் சிரிக்காத ஒரு தலைப்பைக் காண்போம். 1989 ஏப்ரல் 15ஆம் திகதி ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட அரங்கில் ஏற்பட்ட நெரிசல் லிவர்ப்பூல் இரசிகர் 97 பேரின் உயிரைக் குடித்தது. நான்கு நாட்களின் பின் 'சண்' பத்திரிகை 'உண்மை' என்று முதற்பக்கத்தில் பேரெழுத்தில் தலைப்பிட்டு, இறந்தோரின் பைகளில் இரசிகர்கள் திருடினர் என்று எழுதியது. அத்தலைப்பில் இலக்கணப் பிழை இல்லை. இருபொருள் மயக்கமும் இல்லை. பொய் மட்டுமே இருந்தது. 2012இல் சுயாதீனக் குழுவின் அறிக்கை வெளிவந்த பின்னரே அப்பத்திரிகை முதற்பக்கத்தில் மன்னிப்புக் கோரியது. இரசிகர்கள்மீது குற்றமில்லையென 2016இல் மரண விசாரணை யூரிகள் தீர்ப்பளித்தனர். பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் அவ்வளவு காலமும் அந்தப் பழியைச் சுமந்தனர்.

தமிழாசிரியராகிய நாமும் இக்குற்றத்தில் பங்காளிகளே. ஒற்று மிகாத இடத்தில் சிவப்பு மையால் வட்டமிடுகிறோம். பிழையற்ற வாக்கியத்தில் பொய்யை எழுதிய மாணவனுக்கு முழுப்புள்ளி வழங்குகிறோம். அவன் வளர்ந்து பத்திரிகை வாசிக்கும்போது, வழுவைக் கண்டு நகைப்பான்; வஞ்சகத்தை நம்புவான்.

சிரிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தவறிய தலைப்பைக் கண்டு சிரிப்போம். தவறே இல்லாத தலைப்பைக் கண்டால், இது யார் நலனுக்காக எழுதப்பட்டது என்று கேட்கவும் பழகுவோம். நம் மாணவரையும் பழக்குவோம்.