எழுதப்படாத விதி: கோபா அமெரிக்கா சொல்லும் பாடம்

"திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது" என்று நம் பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்கிறார்கள். பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பரிசு கொடுக்க வருகிறவர் சொல்கிறார். வேலைவாய்ப்பு முகாமில் பேச வருகிறவரும் சொல்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால், இது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, நம் மாணவர்கள் இரவு கண்விழித்துப் பார்க்கும் ஒரு போட்டியின் வரலாறே போதும். அதுதான் கோபா அமெரிக்கா, தென் அமெரிக்க நாடுகளின் கால்பந்துக் கோப்பை.

உலகக் கோப்பை கால்பந்து 1930-ல்தான் தொடங்கியது. அதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே, 1916 ஜூலையில், அர்ஜென்டினா தன் விடுதலையின் நூற்றாண்டைக் கொண்டாடியபோது பியூனஸ் அயர்ஸ் நகரில் இந்தப் போட்டி தொடங்கிவிட்டது. அன்று அதன் பெயர் தென் அமெரிக்க சாம்பியன்ஷிப். அர்ஜென்டினா, பிரேசில், சிலி, உருகுவே என்று நான்கே அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற மூன்றோடும் ஒருமுறை மோத வேண்டும். அதிகப் புள்ளி எடுத்த அணிக்கு வெற்றி. போட்டி நடந்துகொண்டிருந்தபோதே, ஜூலை 9-ல், தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பும் உருவானது. விதிப் புத்தகத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஆனால் முதல் ஆட்டத்திலேயே நிறம் பேச்சுக்கு வந்தது. உருகுவே 4-0 என்று சிலியை வென்றது. அதில் இரண்டு கோல்களை அடித்தவர் இசபெலினோ கிராடின். அவரும் அவருடைய அணித் தோழர் ஹுவான் டெல்காடோவும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். தோற்ற சிலி தரப்பு, உருகுவே இரண்டு ஆப்பிரிக்கர்களை ஆடவைத்தது, ஆகவே முடிவு செல்லாது என்று புகார் செய்தது. புகார் எடுபடவில்லை. உருகுவே அடுத்த ஆட்டத்திலும் கிராடினைக் களமிறக்கியது. பிரேசிலுக்கு எதிராகவும் அவர் கோல் அடித்தார். முதல் கோப்பை உருகுவேக்குப் போனது; அதிக கோல் அடித்தவரும் கிராடின்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிராடினின் திறமை கோல் அடித்தது. அவருக்கு எதிராகப் புகார் வந்தபோது அவரை அணியில் நிற்க வைத்தது அவருடைய அணி. திறமை வேறு, அதற்குத் துணை நிற்பது வேறு. துணை இல்லாத திறமைக்கு என்ன ஆகும் என்பதை அடுத்த சில ஆண்டுகளில் பிரேசில் காட்டியது.

1919-ல் ரியோ டி ஜெனிரோவில் போட்டி நடந்தது. பிரேசிலும் உருகுவேயும் சம புள்ளியில் நின்றதால் ஒரு கூடுதல் ஆட்டம் வைத்தார்கள். 90 நிமிடத்தில் கோல் இல்லை. மேலும் 30 நிமிடம் ஆடியும் இல்லை. இன்னொரு 30 நிமிடம் ஆடினார்கள். அப்போது விழுந்த ஒரே கோலை அடித்தவர் ஆர்தர் ஃபிரெடன்ரைக். தந்தை ஜெர்மானிய வழி வணிகர். தாய் கறுப்பினப் பெண். பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல். அது ஒழிந்து 31 ஆண்டுகளே ஆன நாட்டுக்கு அதன் முதல் பெரிய கோப்பையை அந்தத் தாயின் மகன் வாங்கித் தந்தார்.

1920-ல் சிலியில் நடந்த போட்டி முடிந்து பிரேசில் அணி பியூனஸ் அயர்ஸ் வழியாகத் திரும்பியது. அந்நகர நாளேடு ஒன்று பிரேசில் வீரர்களைக் குரங்குகளாகச் சித்திரித்துக் கேலி செய்தது. வீரர்கள் சிலர் அங்கே ஆட மறுத்தார்கள். அடுத்த ஆண்டு போட்டி அதே நகரில். பிரேசில் என்ன செய்திருக்க வேண்டும்? கேலி செய்தவர்களிடம் நியாயம் கேட்டிருக்க வேண்டும். நடந்தது வேறு. கறுப்பின வீரர்களை அனுப்பலாமா என்ற கேள்வி அன்றைய குடியரசுத் தலைவர் எபிடாசியோ பெசோவா வரை போனதாகப் பத்திரிகைகளில் எழுதப்பட்டது. கடைசியில் அவர்கள் இல்லாமலே அணி கப்பல் ஏறியது. 1919-ன் நாயகன் ஃபிரெடன்ரைக் அதில் இல்லை. அர்ஜென்டினாவிடமும் உருகுவேயிடமும் தோற்றுத் திரும்பினார்கள்.

அவமானப்படுத்தியவரைக் கேட்காமல், அவமானப்பட்டவரையே ஒதுக்கி வைப்பது. "பிரச்சினை வேண்டாம், நீ கொஞ்சம் ஒதுங்கிக்கொள்" என்ற அந்தக் குரல் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. திருவிழாவிலும் தேர்தலிலும் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

அன்று அந்த அநியாயத்தை வாய்விட்டுச் சொன்னவர் லிமா பாரெட்டோ என்ற எழுத்தாளர். அவரும் கறுப்பினத்தவர். வரிப் பணம் வாங்கும்போது நிறம் பார்க்காத நாடு, பந்து ஆடும்போது மட்டும் பார்ப்பதா என்ற கோபத்தில் அதே 1921-ல் அவர் பத்திரிகையில் எழுதினார். அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார், எழுத்து நிற்கிறது. 1921-ல் நடந்ததை இன்று நாம் பேச முடிவதற்கு அந்த எழுத்தும் ஒரு காரணம்.

அடுத்த அடி ஒரு கிளப்பிடமிருந்து வந்தது. ரியோவின் வாஸ்கோ ட காமா கிளப், போர்த்துகீசிய வணிகர்கள் நடத்தியது. 1923-ல் முதல் பிரிவுக்கு ஏறிய கையோடு, கறுப்பின வீரர்களையும் ஏழை வெள்ளையரையும் கொண்ட அணியால் நகரக் கோப்பையை வென்றது. பெரிய கிளப்புகளுக்கு இது பொறுக்கவில்லை. 1924-ல் தனி லீக் தொடங்கினார்கள். அதில் சேர வேண்டுமானால் 12 வீரர்களை நீக்க வேண்டும் என்று வாஸ்கோவிடம் சொன்னார்கள். "கறுப்பர் கூடாது" என்று எங்கும் எழுதவில்லை. படிப்பறிவு வேண்டும், தகுதியான தொழில் வேண்டும் என்றுதான் எழுதினார்கள். அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? கூலி வேலையைத் தவிர வேறு எந்த வேலையை அவர்களுக்குக் கொடுத்தார்கள்? சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதி பார்க்கும் விதிகளை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாஸ்கோவின் தலைவர் ஜோசே அகுஸ்டோ பிரெஸ்டெஸ் 1924 ஏப்ரல் 7 அன்று பதில் கடிதம் எழுதினார். எங்கள் 12 பேரைப் பலி கொடுத்துவிட்டு உங்கள் லீக்கில் சேர மாட்டோம் என்பதே அதன் சாரம். கடிதம் இன்றும் "வரலாற்றுப் பதில்" என்ற பெயரில் நினைவுகூரப்படுகிறது. வாஸ்கோ பழைய லீக்கிலேயே ஆடி அந்த ஆண்டும் வென்றது. மறு ஆண்டு புதிய லீக் அதைச் சேர்த்துக்கொண்டது. சரியான மைதானம் இல்லை என்ற குறையையும் விட்டுவைக்கவில்லை. உறுப்பினர்களிடம் பணம் திரட்டி, 1927-ல் சாவோ ஜனுவாரியோ மைதானத்தைக் கட்டி முடித்தார்கள்.

1949-ல் தென் அமெரிக்கக் கோப்பையின் தீர்மான ஆட்டம் அதே சாவோ ஜனுவாரியோவில் நடந்தது. பராகுவேயை 7-0 என்று வென்று பிரேசில் கோப்பை எடுத்தது. கோல்கீப்பர் மொவாசிர் பார்போசா, வாஸ்கோ வீரர், கறுப்பினத்தவர். மறு ஆண்டு உலகக் கோப்பையில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றபோது, ஊர்ப்பழி முழுவதும் அவர் மீதும் வேறு இரு கறுப்பின வீரர்கள் மீதும் விழுந்தது. 2000-ல் இறக்கும் வரை பார்போசா அந்தப் பழியைச் சுமந்தார். வெற்றி நாட்டுக்குச் சொந்தம். தோல்வி மட்டும் அவருக்குச் சொந்தம் என்றாகிவிட்டது.

போட்டி முறை மட்டும் பலமுறை மாறியது. பராகுவே, பொலிவியா, பெரு, ஈக்வடார், கொலம்பியா என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 1967-ல் வெனிசுவேலாவோடு பத்து நாடுகளும் வந்துவிட்டன. 1975-ல் கோபா அமெரிக்கா என்று பெயர் மாறியது. ஒரே நாட்டில் நடத்தாமல், சொந்த மண்ணில் ஓர் ஆட்டம், எதிரணி மண்ணில் ஓர் ஆட்டம் என்று ஆடினார்கள். 1987-ல் மீண்டும் ஒரே நாடு நடத்தும் முறை வந்தது. 1993-ல் மெக்சிகோவையும் அமெரிக்காவையும் அழைத்து 12 அணிகள் ஆக்கினார்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்ததில் 16 அணிகள், நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குப் போயின. கொலம்பியாவை 1-0 என்று வென்ற அர்ஜென்டினாவுக்கு அது 16-வது கோப்பை.

அந்த வெற்றிக் களிப்பில், அர்ஜென்டினா வீரர்கள் பேருந்தில் பாடியபடி வந்த காணொளி வெளியானது. பிரான்ஸ் அணியின் ஆப்பிரிக்க வம்சாவளி வீரர்களை இழிவுபடுத்தும் பாட்டு அது. காணொளியை வெளியிட்ட என்சோ பெர்னாண்டஸ் மன்னிப்புக் கேட்டார். ஆனால், அணித்தலைவர் மெஸ்ஸி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்ன அந்நாட்டு விளையாட்டுத் துறை உயர் அதிகாரி பதவி நீக்கப்பட்டார். நூறு ஆண்டு கழித்தும், கேள்வி கேட்டவரே வெளியே போனார். எழுதிய விதிகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. எழுதப்படாத விதி மெதுவாகத்தான் மாறுகிறது.

நம் நாட்டிலும் இதே காலத்தில் இதே கதை நடந்தது. பல்வங்கர் பாலு தலித் சமூகத்தில் பிறந்த தலைசிறந்த சுழற்பந்து வீச்சாளர். பம்பாய் போட்டிகளில் இந்துக்கள் அணிக்கு அவர் விக்கெட் விக்கெட்டாக எடுத்துக் கொடுத்தார். அணித்தலைவர் பொறுப்பு அவருக்குத் தரப்படவில்லை. 1923-ல் அவருடைய தம்பி வித்தல்தான் அந்தப் பொறுப்புக்கு வர முடிந்தது. வாஸ்கோ ரியோவில் கோப்பை வென்ற அதே ஆண்டு.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு நாம் முழு உண்மையையும் சொல்வோம். திறமையை வளர்த்துக்கொள், அது இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் அது தானாகக் கதவைத் திறக்கும் என்று காத்திராதே. அணித் தேர்வு என்றால், எந்த அடிப்படையில் தேர்வு செய்தார்கள் என்று கேள். வாய்மொழிப் பதில் போதாது, எழுத்தில் கேள். உன்னோடு ஆடுகிறவனை ஒதுக்கினால், உன் இடம் பத்திரமாக இருக்கிறது என்று சும்மா இருக்காதே. நடந்ததை எழுதி வை.

பள்ளிகளையும் விளையாட்டுச் சங்கங்களையும் நாம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. தேர்வு விதியையும் தேர்வானோர் பட்டியலையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லையென்றால் ஒட்டுவதில் சிரமம் இருக்காது.