மாத்திரைக்குக் கணக்கு இருக்கிறது, பருப்புக்கு?

சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி என்றொரு ஊர். ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர் குழு அங்கே ஏழைகளுக்காக ஒரு மருத்துவமனை நடத்துகிறது. 2004 முதல் 2009 வரை அங்கு காசநோய் சிகிச்சைக்கு வந்த சுமார் 1,700 பெரியவர்களின் எடையைக் குறித்து வைத்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் 42 கிலோவைத் தாண்டவில்லை. பெண்களில் பாதிப் பேர் 34 கிலோவைக்கூடத் தொடவில்லை. நன்றாகச் சாப்பிட்டு வளரும் பத்துப் பதினோரு வயதுச் சிறுமியின் எடை அது.

நோய் வந்ததால் இளைத்தார்களா, இளைத்துக் கிடந்ததால் நோய் வந்ததா? இரண்டும்தான் என்று மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் அரசுகள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக முதல் பாதியை மட்டுமே பிடித்துக்கொண்டன. அதற்குக் காரணமான ஆய்வு நடந்தது சென்னையில்.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை ஆகியவைதான் சிகிச்சை. அதற்காகவே சானடோரியங்கள் கட்டினார்கள். தாம்பரத்துக்கு முந்தைய ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது. மருந்து வந்த பிறகும், சத்தான சாப்பாடும் படுக்கையும் இல்லாமல் இந்த நோய் குணமாகுமா என்ற சந்தேகம் போகவில்லை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து சிகிச்சை மையம், டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அதைச் சோதித்துப் பார்த்தது. 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் சேர்த்தார்கள்; மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே, கிடைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு, அதே மாத்திரைகளை விழுங்கினார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன.

1959-ல் வெளியான இந்த முடிவு உலகமெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. படுக்கை கிடைக்காமல் காத்திருக்க வேண்டிய ஏழைக்கு வீட்டுத் திண்ணையிலேயே வைத்தியம் கிடைத்தது. பெருமைப்பட வேண்டிய சாதனைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆய்வு கேட்டது, மாத்திரை சாப்பிடுகிறவர் குணமாவாரா என்பதை மட்டும். ஒரே தெருவில் ஒரே காற்றைச் சுவாசிப்பவர்களில் யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்று அது கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு, சாப்பாட்டைக் காசநோய்த் திட்டத்திலிருந்து ஓரங்கட்டிவிட்டார்கள். மாத்திரை சுகாதாரத் துறையின் வேலை ஆனது. பசி வேறு யாருடைய வேலையோ ஆனது.

கேட்காத கேள்வியைக் கேட்டவர், கனியாரியில் அந்த எடைகளை ஆராய்ந்த டாக்டர் அனுராக் பார்கவா. அவரும் டாக்டர் மாதவி பார்கவாவும் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். இதில் உடன் நின்ற நிறுவனங்களில் ஒன்று, பழைய சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொட்டலம் தந்தார்கள். வீட்டில் உள்ள மற்றவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக, ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை. சிறுபிள்ளைகளுக்கு அதில் பாதி.

அவ்வளவுதான். புதிய தடுப்பூசி எதுவும் இல்லை, புதிய கருவியும் இல்லை. உணவு கிடைத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளிப் பரிசோதனையில் உறுதியாகும், மற்றவருக்குத் தொற்றக்கூடிய வகை என்று பார்த்தால் 48 சதவீதம். நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதங்களில் ஐந்து சதவீதம் எடை கூடியவர்கள் இறப்பது 61 சதவீதம் குறைவாக இருந்தது. 2023-ல் லான்செட் குழும இதழ்களில் இவை வெளியாகின.

இதற்கு அரசு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2018 முதல் நோயாளியின் வங்கிக் கணக்குக்கு மாதம் 500 ரூபாய் போட்டுவந்த மத்திய அரசு, 2024 நவம்பரில் அதை 1,000 ஆக்கியது. தமிழகம் 2022-லேயே காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. நோய் கண்டறிந்த உடனே எடை, மூச்சு, ஆக்சிஜன் அளவு, எழுந்து நிற்க முடிகிறதா என்பதை எல்லாம் பார்த்து, மோசமாக இருப்பவரை மருத்துவமனையில் சேர்க்கும் முறை அது. நாட்டுக்கே முன்மாதிரி. ஆனாலும் இவை எல்லாம் நோய் வந்தவரைப் பற்றிய ஏற்பாடுகள். வீட்டில் மற்றவர்களும் அரை வயிற்றோடு இருக்கும்போது, நோயாளியின் பெயரில் வரும் ஆயிரம் ரூபாய் பொது உலைக்குத்தான் போகும். எந்தத் தாய் தன் பிள்ளைக்கு எதிரில் தனியாக முட்டை உரித்துச் சாப்பிடுவாள்?

அந்த மற்றவர்களுக்கான உணவை மத்திய அரசு கொடையாளர்களிடம் விட்டிருக்கிறது. விருப்பமுள்ள தனிநபர்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் தத்தெடுக்கும் திட்டத்தில் 2024-ல் குடும்பத்தினரையும் சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரையை யாராவது தர்மம் செய்வார்கள் என்று எந்த அரசாவது காத்திருக்குமா? தடுப்பு மருந்தைப் போலவே வேலை செய்கிறது என்று நிரூபணமான பருப்புக்கு மட்டும் ஏன் நன்கொடை மேடை?

தமிழகத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. எல்லோருக்குமான ரேஷன் இங்கே ஏற்கெனவே இருக்கிறது. நான்கு பேர் கொண்ட முன்னுரிமை அட்டைக்கு 20 கிலோ அரிசி இலவசம். ஆளுக்கு ஐந்து கிலோ, ஜார்க்கண்டில் கொடுத்த அதே அளவு. இடிப்பது பருப்பில். அந்தக் கணக்குப்படி நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் ஆறு கிலோ துவரம் பருப்பு வேண்டும். ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குக் கிடைப்பது அட்டைக்கு ஒரு கிலோ. மிச்சம் ஐந்து கிலோவை, சம்பாதிக்கிறவர் இருமிக்கொண்டு படுத்திருக்கும் வீடு மளிகைக் கடை விலைக்கு வாங்க வேண்டும். வாங்காது.

செலவு பெரிதல்லவா என்று நிதித்துறை கேட்கலாம். முப்பது வீடுகளுக்கு இப்படி உணவு கொடுத்தால்தான் ஒரு புதிய நோயாளி குறைவார் என்பதும் அதே ஆய்வின் கணக்கு. ஆனால் இது ஊருக்கெல்லாம் கொடுக்கும் பருப்பு அல்ல. நோயாளியின் வீட்டுக்கு மட்டும், ஆறு மாத சிகிச்சைக் காலத்துக்கு மட்டும். நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் சுகாதாரத் துறையிடம் இருக்கிறது. அட்டையில் எத்தனை பேர் என்ற விவரம் உணவுத் துறையிடம் இருக்கிறது. யாருக்கு எதற்காகக் கூடுதல் பருப்பு என்பது வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாதபடி வழங்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்; ஊர் வாய்க்குப் பயந்து இந்த நோயை மறைக்கும் வீடுகள் இன்னும் ஏராளம். சோதித்துப் பார்க்க ஒரு மாவட்டமும், இரு துறைச் செயலாளர்களும் கையெழுத்திட்ட ஓர் அரசாணையும் போதும்.