நடந்துபோகிறவருக்கு யார் பொறுப்பு?

மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி 2014-இல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்க வேண்டும், பெரும்பாலான தெருக்களில் நடைபாதை அமைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் எழுதப்பட்டது. அதன் பெயரைச் சொல்லும்படியாக 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. குழந்தைகளும் முதியவர்களும் அங்கே நிம்மதியாக நடக்கிறார்கள். இரண்டு தெரு தள்ளிப்போனால் பழைய கதைதான்.

இது சென்னையின் சிக்கல் மட்டுமல்ல. 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். ஒவ்வொரு முறையும் ‘குறுக்கே வந்துவிட்டார்’ என்று ஒரு காரணம் சொல்லப்படும். ஏன் குறுக்கே வர நேர்ந்தது என்பது விசாரணைக்கே வருவதில்லை.

வடிகால் மூடியே நடைபாதை

நம் ஊரில் நடைபாதை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். முதலில் மழைநீர் வடிகால் கட்டுகிறார்கள். பல தெருக்களில் அதன் மேல்மூடியே நடைபாதையாகிவிடுகிறது. வடிகாலுக்கு எவ்வளவு உயரம் தேவைப்பட்டதோ அவ்வளவு உயரத்தில் நாம் ஏறி நடக்க வேண்டும். நடைபாதையின் உயரம் 15 செ.மீ.யைத் தாண்டக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டராவது வேண்டும் என்பது இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நெறி. நடைமுறையில் வீட்டுக்கு வீடு கார் இறங்குவதற்காக நடைபாதையை வெட்டிச் சரிவு போடுகிறார்கள். சில அடிக்கொரு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இடையில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், விளம்பரப் பலகை, நிறுத்திவைத்த பைக். முழங்கால் வலியுள்ள ஒருவர் சாலையில் இறங்கி நடக்கிறார் என்றால், அவருக்கு வேறு வழி விடப்படவில்லை என்று பொருள்.

சாலையைக் கடப்பதும் அப்படித்தான். எதிர்ப்பக்கம் இருக்கும் பேருந்து நிறுத்தத்துக்குப் போக இரண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லி நடைமேம்பாலம் கட்டுகிறோம். வண்டி நிற்காமல் போவதற்காக மனிதர் ஏறி இறங்க வேண்டும் என்பதே அந்தப் பாலத்தின் தர்க்கம். 20 மீட்டர் அகலச் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் கடக்க 17 நொடி ஆகும். கைத்தடியோடு வருபவருக்கு 25 நொடியாவது வேண்டும். நடுவில் நின்றுகொள்ள ஒரு திட்டும், தரைமட்டத்திலேயே சற்று உயர்த்திய கடவையும் இருந்தால் அவரும் பத்திரமாகக் கடந்துவிடுவார். இதற்குப் பாலத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதி போதும்.

பலகையால் குறையாத வேகம்

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்பறிக்கும் விபத்துக்கான ஆபத்து 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் மோதும் காரைவிட 65 கி.மீ. வேகத்தில் மோதும் கார் பாதசாரியின் உயிரைப் பறிக்கும் வாய்ப்பு நான்கரை மடங்கு. சென்னையில் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கி.மீ. வரம்பை 2023-இல் காவல் துறை அறிவித்தது, நல்ல முடிவு. ஆனால், அகலமாகவும் நேராகவும் சாலையைப் போட்டுவிட்டு ஓரத்தில் பலகை நட்டால் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை. தடத்தின் அகலத்தைக் குறைப்பது, தெருமுனை வளைவை இறுக்குவது, கடவையை மேடாக்குவது என்று சாலையின் வடிவமே ஓட்டுநரின் காலை பிரேக்குக்குக் கொண்டுவர வேண்டும்.

சைக்கிள் விஷயத்தில் முரண் இன்னும் பளிச்சென்று தெரிகிறது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் மாணவர்களுக்குத் தமிழக அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. அந்தப் பிள்ளைகள் அதில் ஏறிப் பள்ளிக்குப் போகும் சாலையில், லாரிக்கும் மாநகரப் பேருந்துக்கும் நடுவே வழி தேட வேண்டியிருக்கிறது. சைக்கிள் தரும் துறைக்குச் சாலையைப் பற்றிக் கவலையில்லை; சாலை போடும் துறைக்கு அந்தச் சைக்கிள் கணக்கிலேயே இல்லை.

ஒரு சாலை, பல முதலாளிகள்

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. பல முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம்; உட்புறத் தெருக்கள் மாநகராட்சியிடம். சிக்னல் காவல் துறையிடம், பில்லர் பாக்ஸ் மின்வாரியத்திடம், குழாய்க்காகத் தோண்டுவது குடிநீர் வாரியம். நடந்துபோகிறவருக்கு மொத்தமாகப் பொறுப்பேற்கும் அதிகாரி எவருமில்லை. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உள்ள குறையால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் கூறுக்குள் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கொள்கை, நெறி, சட்டம், தீர்ப்பு எல்லாம் கையில் இருக்கின்றன. பதில் சொல்ல வேண்டிய ஆள்தான் இல்லை.

நடைபாதையை அகலப்படுத்தினால் நெரிசல் கூடும் என்பார்கள். சாலையோரத்தில் நிற்கும் ஒவ்வொரு காரும் ஏறத்தாழ 12 சதுர மீட்டர் பொது நிலத்தைப் பெரும்பாலும் இலவசமாக எடுத்துக்கொள்கிறது. முதலில் அதற்குக் கட்டணம் விதித்துப் பார்க்கலாம். நடைபாதைக் கடைகளைப் பழிசொல்வதும் எளிது. அவர்களுக்கென்று இடம் வரையறுத்துத் தரச் சொல்லும் சட்டம் 2014-இலேயே வந்துவிட்டது.

எனவே, அழகுபடுத்தும் திட்டங்களுக்கு முன்னால் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். ஒவ்வொரு முக்கியச் சாலைக்கும் எல்லாத் துறைகளையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தோடு ஒரு பொறியாளரைப் பொறுப்பாக்கி, அவர் பெயரைச் சாலையிலேயே எழுதிவைக்க வேண்டும். பாதசாரியோ சைக்கிள்காரரோ இறந்த இடத்தில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று வார்டுவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடுத்த திறப்பு விழா எந்தச் சாலைக்கு என்று காத்திருக்கும் நாம், போன ஆண்டு உயிர்போன சந்திப்பில் இந்த ஆண்டு என்ன செய்தீர்கள் என்று கவுன்சிலரிடம் கேட்கத் தொடங்கினால், 2014 கொள்கைக்கு அப்போதாவது உயிர் வரும்.